காசிமேட்டு ஐஸ் கம்பெனியில் ஐந்தாவது பீம்

விமான நிலையத்தில் என் பெட்டியைக் கிளறிய சுங்க அதிகாரி ஒரு முழக் கறுப்புத் துணியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். பட்டுபோல் மினுங்கியது. “இது என்னம்மா, சுடிதாருக்கா?” என்று கேட்டார். “கான்கிரீட் பீமுக்கு” என்றேன். என்னையும் துணியையும் மாறி மாறிப் பார்த்தவர், மேற்கொண்டு கேட்டால் வேலை கூடிவிடும் என்று நினைத்தவர்போல் பெட்டியை மூடிவிட்டார்.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். எனக்கு அதைச் சொல்லப் பிடிக்கும். அது கார்பன் இழைத் துணி. கூரையைத் தாங்கும், உள்ளே கம்பி துருப்பிடித்து விரிசல் விட்ட பீமின் அடியிலும் பக்கங்களிலும் அதை எபாக்ஸி பசையால் ஒட்டினால், பசை இறுகியதும் துணியும் பீமும் ஒன்றாகிவிடும். துருப்பிடித்த கம்பி கைவிட்ட பாரத்தைத் துணி பிடித்துக்கொள்ளும். கட்டடத்தை இடிக்க வேண்டியதில்லை. கடற்காற்று அதை ஒன்றும் செய்யாது.

மலேசியாவில், கிள்ளானில் இந்தச் சரக்கை விற்கும் கம்பெனியில் நான் தொழில்நுட்ப உதவியாளர். பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் புல்வெட்டும் வேலை பார்த்த வீட்டில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். டிப்ளோமா வாங்கிய முதல் ஆளும் நான்தான். மேலாளர் லிம், “மெட்ராஸில் ஒரு ஐஸ் தொழிற்சாலை. துணி கப்பலில் போய்விட்டது. உனக்குத் தமிழ் தெரியும், நீ போய் ஒட்டக் கற்றுக்கொடு” என்று சொன்னபோது இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன். அம்மா தோட்டம் முழுக்க, “மகள் இந்தியாவுக்குப் பாடம் நடத்தப் போகிறாள்” என்று சொல்லிவிட்டார். நானும் திருத்தவில்லை.

இராயபுரத்தில் ஐஸ் கம்பெனி முதலாளி தேசப்பன், தன் தங்கை வீட்டு மாடி அறையை எனக்குக் கொடுத்தார். ஐம்பது வயதிருக்கும். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் எப்போதும் இரண்டு கைப்பேசி. மறுநாள் காலை என்னைக் காசிமேட்டுக்கு அழைத்துப் போனார். துறைமுகத்தில் விசைப்படகுகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நின்றன. மீன் குஞ்சு பொரிக்கும் காலம் என்பதால் ஒன்றரை மாதம் அவை கடலுக்குப் போகக் கூடாது. கிள்ளான் துறைமுகத்தில் நான் இத்தனை படகுகள் சும்மா நின்று பார்த்ததில்லை. சும்மா என்பதும் தவறு. ஒவ்வொன்றின் மேலும் யாராவது உட்கார்ந்து எதையாவது தட்டிக்கொண்டோ, தைத்துக்கொண்டோ, திட்டிக்கொண்டோ இருந்தார்கள்.

ஐஸ் கம்பெனி மட்டும்தான் உண்மையிலேயே மூடிக் கிடந்தது. மழைக்காலத்தில் கூரையிலிருந்து ஒரு கான்கிரீட் கட்டி விழுந்திருக்கிறது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அதிகாரிகள் பூட்டச் சொல்லிவிட்டார்கள். கூரைமேல் பெரிய தண்ணீர்த் தொட்டியும் குளிர்விக்கும் குழாய்களும் இருக்கின்றன. அவற்றைத் தாங்கும் ஆறு பீம்களும் உறுதி என்று ஒரு பொறியாளர் கையெழுத்துப் போட்டால்தான் திறக்கலாம்.

“இன்னும் மூணு வாரத்துல தடை முடியுது” என்றார் தேசப்பன். “அன்னிக்கு அம்மாம் போட்டும் ஐஸ் ஏத்திகினுதான் கெளம்பும். எங்கையாண்ட இல்லன்னா வேற கம்பெனிக்குப் பூடுவான். ஒரு தபா போனான்னா வருசம் முச்சூடும் அங்கதான். முப்பது குடும்பம் கீது மா இத்த நம்பி.”

“முடிச்சிடலாம் ஐயா” என்றேன். ஒட்டிய பிறகு பசை முழுதாக இறுக ஏழு நாள் வேண்டும், அதற்குப் பிறகுதான் பாரச் சோதனை. கணக்குப் போட்டால் கையில் நான்கைந்து நாள்தான் மிச்சம். அதை அப்போது சொல்லவில்லை.

சாப்பாடு தெரு முனையில் பட்டம்மாவின் தள்ளுவண்டியில். இட்லியும் வடகறியும். வடகறி எனக்குப் புதிது. முதல் நாளே இரண்டு முறை கேட்டு வாங்கினேன். பட்டம்மா என் பேச்சைக் கொஞ்ச நேரம் காதைச் சாய்த்துக் கேட்டார்.

“சிலோனா கண்ணு?”

“மலேசியாக்கா.”

“அங்க டமிலு பேசுவாங்களா?”

“நாங்க பேசுவோம்.”

“பேசுற, ஆனா டீவில நியூஸ் படிக்கிறாப்ல கீது. இன்னொரு இட்லி வெக்கட்டா? நியூஸ் படிக்கிறவங்க நல்லா துன்னணும்.”

மூன்றாம் நாள் வேலை தொடங்கியது. கொத்தனார்கள் உதிர்ந்த கான்கிரீட்டைக் கொத்தி எடுத்து, கம்பியைத் தேய்த்து, பூசி, இயந்திரத்தால் வழவழப்பாக்கி வைத்திருந்தார்கள். அதில் ஒரு குறையும் இல்லை. துணியைக் கொடுத்ததும்தான் சிக்கல். கரண்டியை எடுத்துச் சாந்து பூசுவதுபோல் இழுத்தார்கள். இழை கோணிக்கொண்டது, மடிந்தது, தலைமேல் விழுந்தது. மேஸ்திரி தாடியில் ஒட்டிய பசையைத் தின்னரால் துடைத்துக்கொண்டு, “இது பொம்பளைங்க துணி சமாச்சாரம்மா, எங்களுக்கு ஒத்து வராது” என்று ஏணியிலிருந்து இறங்கிவிட்டார். நான் இரண்டு முறை செய்து காட்டினேன். சோதனைச்சாலையில் மேசைமேல் கிடக்கும் பீமுக்கு ஒட்டிப் பழகியவள் நான். தலைக்கு மேல் ஒட்டும்போது என் துணியும் விழுந்தது.

அன்று மாலையே தேசப்பன் ஒருவரைக் கூட்டிவந்தார். பெயர் எத்திராஜ். முப்பது வயதிருக்கும். லுங்கி, முழங்கைவரை வெள்ளை வெள்ளையாகக் காய்ந்த பசை. சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையெங்கும் ஃபைபர் படகுகள் வந்துவிட்டன. அவை பாறையில் உரசினால், விரிசல் விட்டால், கண்ணாடி இழைப் பாய் வைத்து ரெசின் என்ற பிசின் ஊற்றி ஒட்டுவது அவர் தொழில்.

துணியை விரலிடையில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். “இத்தான் உங்க ஃபாரின் வித்தையா? தெனம் இதான பண்ணிகினு கீறேன். எங்குளுது வெள்ள, உங்குளுது கறுப்பு.”

ஏணியில் ஏறினார். பசை பூசி, துணியின் ஒரு முனையை உள்ளங்கையால் அழுத்தி, அது பிடிக்கும்வரை அசையாமல் நின்றார். பிறகு வரிப்பள்ளம் உள்ள ரோலரை இழையின் போக்கிலேயே உருட்டினார். உள்ளே சிக்கிய காற்று பல்லிக்குட்டிபோல் ஓடி ஓரத்தில் வெளியேறியது. நான் மறுநாள் நாணயத்தால் தட்டித் தட்டிக் கேட்டேன். உள்ளே காற்று தங்கியிருந்தால் கேட்கும் பொள்ளல் ஓசை எங்கேயும் இல்லை. கிள்ளானில் பத்து வருடம் இந்த வேலை செய்யும் ஆட்களுக்கே நாலு இடத்திலாவது பொள்ளல் வரும்.

ஆனால் கலப்பது என் பொறுப்பு. ரெசின் இரண்டு பங்கு, அதை இறுக்கும் ஹார்டனர் ஒரு பங்கு, தராசில் வைத்து. எத்திராஜ் குனிந்து பார்த்தார்.

“இம்மாம் ஹார்டனரா? நாங்க ஒரு டப்பாவுக்கு ஒரு மூடி ஊத்துவோம். வெயில் ஏறினா அதுலயும் பாதி.”

“இதுல மாத்தக் கூடாது அண்ணே.”

“வெயில் ஏறினா?”

“அப்பவும் இதேதான்.”

“ஏன்?”

“அப்படித்தான். புத்தகத்துல போட்டிருக்கு.”

“உங்க புஸ்தகம் காசிமேட்டு வெயிலப் பாத்துகிதா?”

கொத்தனார்கள் சிரித்தார்கள். நான் தராசைப் பார்த்துக்கொண்டேன்.

நாளுக்கு ஒரு பீம் வீதம் நான்கு முடிந்தன. மாலைகளில் சுற்றினேன். கடற்கரை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் அத்தோ சாப்பிட்டேன். பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் கொண்டுவந்த நூடுல்ஸ். வெங்காயம், முட்டைக்கோஸ், பொரித்த தட்டையை நொறுக்கிப்போட்டு, புளித்தண்ணீர் விட்டுக் கையாலேயே பிசைந்து தருகிறார்கள். கூடவே வாழைத்தண்டு சூப். எங்கள் ஊர் வறுத்த நூடுல்ஸான மீ கோரெங்கின் தூரத்து உறவு என்று தோன்றியது. கடைக்காரரிடம் சொன்னேன். “எல்லாம் கப்பல்ல வந்ததுதான் தங்கச்சி” என்றார்.

ஏழாம் நாள் தேசப்பன் என்னை அத்திப்பட்டுக்கு அழைத்துப் போனார். அவருடைய மச்சானின் கிடங்கிலும் பீம் விரிசலாம். அனல்மின் நிலையத்தின் சாம்பல் அந்தப் பக்கத்து வேப்பிலைகளின்மேல் மெல்லிசாகப் படிந்திருந்தது. தேநீர் தந்த பெண் டம்ளரைக் கவிழ்த்து ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் ஊற்றினார். பீமைப் பார்த்தேன், படம் எடுத்தேன், என் அட்டையைக் கொடுத்தேன். மச்சான் அட்டையில் இருந்த டிப்ளோமா என்ற சொல்லை விரலால் தொட்டுப் படித்தார். எனக்கு நன்றாகத்தான் இருந்தது.

பதினொரு மணிக்குக் காசிமேடு திரும்பி ஐந்தாவது பீமுக்குக் கலக்க வேண்டும். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் துறைமுகம்வரை வரிசை கட்டி நின்றன. ஓட்டுநர்கள் லாரிக்கு அடியில் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள். ஒருவர் அடுப்பு மூட்டிக் குழம்பு வைத்துக்கொண்டிருந்தார். எங்கள் கார் திருவொற்றியூரில் மூன்று மணி நேரம் நின்றது. தேசப்பன் இரண்டு கைப்பேசியிலும் மாறி மாறி அழைத்தார், வேலையில் இருந்த யாரும் எடுக்கவில்லை. இறங்கி நடந்தோம், ஷேர் ஆட்டோ ஒன்றில் தொற்றினோம், அதன் டயர் பஞ்சரானது, மறுபடி நடந்தோம். போய்ச் சேர்ந்தபோது வேலை முடித்து எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். ஐந்தாவது பீம் கறுப்பாக, அழகாக, ஒரு சுருக்கம் இல்லாமல் ஒட்டப்பட்டிருந்தது.

மறுநாள் காலை நகத்தால் அழுத்தினேன். நகம் உள்ளே இறங்கியது. பலாப்பழப் பால்போல் ஒட்டியது. மற்ற நான்கும் மறுநாளே கல்லாக இருந்தவை.

எத்திராஜ் வந்ததும் கேட்டேன். அவர் ஒளிக்கவில்லை. நான் வரவில்லை, தேய்த்து வைத்த பீமை அப்படியே விட்டால் ராத்திரி உப்புக்காற்று படியும். அதனால் தானே கலந்திருக்கிறார். முதல் வாளி, பூசுவதற்குள் புகைந்து இறுகிவிட்டது. வெயில் அப்படி. இரண்டாவது வாளிக்கு ஹார்டனரைப் பாதியாகக் குறைத்தார். பசை சாதுவாக இருந்தது, நிதானமாக ஒட்ட முடிந்தது.

“மாத்தாதீங்கன்னு படிச்சுப் படிச்சு சொன்னேனே” என்றேன். “சொன்னதைச் செய்யத்தானே கூப்பிட்டது.”

“சொன்ன. ஏன்னு கேட்டேன், சொன்னியா?”

“உங்களுக்குச் சொன்னா புரியுமா?”

அந்த வார்த்தை வாயிலிருந்து விழுந்ததும் எடுத்துக்கொள்ள முடியவில்லை. எத்திராஜ் ரோலரைத் தின்னர் டப்பாவில் போட்டுக் கழுவி, துணியால் துடைத்து, என் தராசுக்குப் பக்கத்தில் வைத்தார். “மேடத்துக்குப் புரிஞ்சா மேடமே ஒட்டட்டும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஹார்டனர் குறைந்த எபாக்ஸி எத்தனை நாள் விட்டாலும் இறுகாது. உரித்து, சுரண்டி, தேய்த்து, மறுபடி ஒட்ட வேண்டும். மிச்சத் துணியை அளந்தேன். ஆறாவதுக்கும், கூடுதலாக ஒரு பீமுக்கும் சரியாக இருந்தது. இன்னொரு தவறுக்கு ஒரு முழம்கூட இல்லை. கொத்தனார்களால் ஒட்ட முடியாது. என்னாலும் முடியாது.

“இன்னா பொண்ணு, முடிஞ்சிதா கத?” என்றார் தேசப்பன். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

போன் கடைக்குப் போய் லிம்மை அழைத்தேன். விகிதத்தை ஏன் மாற்றக் கூடாது என்று கேட்டேன்.

“விவரத்தாளில் இருக்கிறதே” என்றார்.

“ஏன் என்று இல்லை.”

“யார் கேட்கிறார்கள்?”

“ஒட்டுகிறவர்.”

அவருக்கும் தெரியவில்லை. அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. எனக்கும் தெரியாது. டிப்ளோமாவில் கேள்வி வந்தது, இரண்டுக்கு ஒன்று என்று எழுதினேன், மதிப்பெண் வந்தது. எத்திராஜ் கேட்ட கேள்வியை ஒரு வாத்தியாரிடமும் நான் கேட்டதில்லை. லிம், தொழிற்சாலையில் பசை தயாரிக்கும் மலாய்ப் பெண்மணியின் எண்ணைக் கொடுத்தார். அவர் அவசரப்படாமல் விளக்கினார். நடுவில் சிரித்து, “விற்பனைப் பிரிவிலிருந்து இதைக் கேட்ட முதல் ஆள் நீதான்” என்றார். முதல் ஆள் என்ற சொல் முதல்முறையாக எனக்கு உறுத்தியது.

எத்திராஜ் கரையில் ஒரு ஃபைபர் படகைக் கவிழ்த்துப்போட்டு அடியில் சுரண்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“ஏன்னு எனக்கும் தெரியாதுண்ணே. இப்பத்தான் கேட்டுட்டு வந்தேன்.”

சுரண்டுவது நின்றது. “யாராண்ட?”

“பசை காய்ச்சுறவங்ககிட்ட.”

“சொல்லு.”

இறங்குதளத்தில் இரண்டு பேர் ஒரு பெரிய சுறாவைக் கட்டையில் தொங்கவிட்டு, முன்னும் பின்னுமாகத் தோளில் சுமந்து போனார்கள். நாட்டுப்படகில் வந்த மீன். நான் அவர்களைக் காட்டினேன்.

“உங்க படகுப் பசைல நீங்க ஊத்துற மூடி, தீக்குச்சி மாதிரி. பத்த வைக்கத்தான். கொஞ்சமா வச்சா மெதுவா எரியும், நிறைய வச்சா வேகமா எரியும். எப்படியும் எரிஞ்சிடும். எபாக்ஸில ஹார்டனர் தீக்குச்சி இல்ல. கட்டையோட அடுத்த முனையைப் பிடிக்கிற ஆள். ஆள் பாதியானா, பாதி கட்டை தரையிலயே கிடக்கும். எத்தனை நாள் காத்திருந்தாலும் கிடக்கும்.”

எத்திராஜ் சுறா போகும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப ஆள் ஜாஸ்தியா வந்தா?”

“கட்டை இல்லாம சும்மா நிப்பாங்க. அதுவும் கெடுதல்.”

“இம்மாந்தானா. இத்த அன்னிக்கே சொல்லியிருந்தா அந்த வாளிய நான் தொட்டிருப்பனா?” கையைத் துடைத்தபடி எழுந்தார். “சரி, வாளி ஏன் பொகைஞ்சிது?”

“ஒவ்வொரு ஜோடியும் சேரும்போது சூடு வரும்.”

“எல்லாரும் ஒரே எடத்துல கும்பலா நின்னா, சூடு வெளிய போவாது.” பக்கத்தில் கிடந்த மீன் தட்டைக் காலால் இழுத்தார். “வாளில வெச்சுகினு கீறதுதான் தப்பு. மீன் தட்டுல ஊத்தி பரப்பி வெச்சா?”

விவரத்தாளில் அப்படி ஒரு வரி இல்லை. ஆனால் பசைக்காரப் பெண்மணி கடைசியில் சொன்னதும் அதுதான்: அகலமான தட்டில் ஊற்று. நான் இன்னும் அவரிடம் அதைச் சொல்லியிருக்கவில்லை. சொன்னேன். எத்திராஜ் முதல்முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தார்.

உரிக்கவும் சுரண்டவும் ஒன்றரை நாள் ஆனது. தின்னர் நெடியில் எல்லோருக்கும் கண் எரிந்தது. கொத்தனார்கள் முறை போட்டுத் தேய்த்தார்கள். விடிந்தும் விடியாததுமாக, மீன் தட்டுகளில் பசையைப் பரப்பி, ஐந்தாவதை ஒட்டினோம். எடை போட்டவர் எத்திராஜ். ஒவ்வொரு முறையும் தராசு முள் நிற்கும்வரை யாரையும் பேச விடவில்லை. மேஸ்திரி தும்மியதற்குத் திட்டு வாங்கினார். அடுத்த நாள் ஆறாவது.

பிறகு ஏழு நாள் காத்திருப்பு. தேசப்பன் தினம் இரண்டு வேளை வந்து பீமைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார். படகு முதலாளிகள் தினம் இரண்டு வேளை வந்து தேசப்பனைத் தட்டிப் பார்த்தார்கள். “இன்னா நைனா, ஐஸ் கீதா, இல்ல நாங்க வேற எடம் பாக்கட்டா?” பட்டம்மா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, வடகறியை மட்டும் தாராளமாக வைத்தார்.

சோதனைக்கு வந்த பொறியாளர் ஓய்வுபெற்றவர், கண்டிப்பானவர் என்று பெயர். ஒரு பீமில்தான் அளவுக்கருவி பொருத்த முடியும் என்றார். “எதுல வைக்கலாம்?”

“முதல் பீமு சார், அதான் ஏணி வெக்க வாட்டமா கீது” என்றார் தேசப்பன்.

“ஐந்தாவது” என்றேன் நான். “அதுல ஒரு தடவை கலவை தப்பிப்போய் உரிச்சு மறுபடி ஒட்டியிருக்கு. அது நின்னா மத்ததும் நிக்கும்.”

தேசப்பன் என்னைப் பார்த்த பார்வையை எழுத வேண்டியதில்லை. எத்திராஜ் பீமைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொறியாளர் கருவியை ஐந்தாவதன் அடியில் பொருத்தினார்.

ஒருவேளை உடைந்தால் தாங்கட்டும் என்று பீமுக்கு ஒரு சாண் கீழே முட்டு நிறுத்தி, கூரைத் தொட்டியில் தண்ணீர் ஏற்றினார்கள். பீம் பாரத்தில் எவ்வளவு வளைகிறது என்று முள் காட்டும். வளைவது தவறில்லை, தண்ணீரை இறக்கியதும் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் ஒட்டு விட்டுவிட்டது என்று பொருள். தண்ணீர் ஏறிய ஒவ்வொரு அடிக்கும் நான் முள்ளைப் படித்தேன், பொறியாளர் எழுதினார். தொட்டி நிறைந்தது. ஒரு நாள் முழுக்க அப்படியே விட்டார்கள்.

மறுநாள் காலை தண்ணீரைத் திறந்தார்கள். குழாயிலிருந்து முற்றத்தில் கொட்டும் சத்தம் அரைமணி நேரம் கேட்டது. தேசப்பன் அலுவலக அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். எத்திராஜ் என் தோளுக்குப் பின்னால் நின்றார். முள் நகர ஆரம்பித்தது, தயங்கியது, மறுபடி நகர்ந்தது. தொடங்கிய கோட்டுக்கு ஒரு மயிரிழை இந்தப் பக்கம் வந்து நின்றது. பொறியாளர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தானும் ஒரு முறை படித்தார்.

“போதும். தாராளம்” என்றார்.

அலுவலக அறையில் சான்றுப் படிவத்தை விரித்தார். தேசப்பன் நான்கு சோடா வரவழைத்து, நான்கையும் பொறியாளர் முன்னாலேயே வைத்துவிட்டார்.

“ஒட்டியவர் பெயர், தகுதி. யாரு?”

“மேடம் பேரையே போட்டுக்குங்க சார்” என்றார் தேசப்பன். “ஃபாரின் டிப்ளமா. படிக்கறவனுக்கு மருவாதியா இருக்கும்.”

“ஆமா, அதான் சரி” என்றார் எத்திராஜ். “நான் நாலாங் கிளாசோட நின்ட்டேன்.”

நான் பேனாவை வாங்கி எழுதினேன். பொறியாளர் படிவத்தைத் திருப்பிப் படித்தார்: “எத்திராஜ், படகு ஒட்டுபவர். எபாக்ஸி கலவையின் காரணம் அறிந்தவர்.” என்னைப் பார்த்தார். “இது ஒரு தகுதியாம்மா?”

“எனக்கே பத்து நாள் முன்னாடிதான் சார் கிடைச்சது.”

அவர் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார். எத்திராஜ் மேசைமேல் குனிந்து, எழுத்து எழுத்தாக உதட்டை அசைத்துப் படித்தார்.

“இரு சார்” என்றார். “இனிசியல் உட்டுகிது. மு. எத்திராஜ்.”

பொறியாளர் தன் கையாலேயே ‘மு.’ சேர்த்துவிட்டு, கீழே கையெழுத்துப் போட்டார்.